“புயல் இல்லையாம்”: செலியமேட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு விமர்சனம்

“என்னாடா தம்பி, ஒன் செல்லு என்னா சொல்லுது?”

கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். கேட்பவர் எதிர்வீட்டுப் பெரியப்பா. உறவுமுறையில் பெரியப்பா, ரத்த உறவு எங்கேயோ தூரத்தில் இருக்கும். செலியமேட்டில் ஒன்றரைக் காணி சொந்தம், ஆற்றோரமாகக் கொஞ்சம் குத்தகை. யூரியா போடலாமா, மருந்து அடிக்கலாமா, வைக்கோலை மூடி வைக்கணுமா, இதெல்லாம் என் செல்போனிலிருந்து வரவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டது நான்தான். ஐரோப்பிய மாடல் புதிய கணிப்பு போட்டுவிட்டதா என்று நண்பகலை ஒட்டி ஒரு தடவை, நள்ளிரவை ஒட்டி ஒரு தடவை பார்க்கிற ஆள் நான். அமெரிக்க மாடல் நாளைக்கு நான்கு தடவை வரும், அதையும் விடுவதில்லை.

இந்தக் கட்டுரை ஒரு விமர்சனம். வானிலைத் துறையைத் திட்டுவதற்காக எழுதவில்லை, அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். என்னைப் போன்ற மழைப் பைத்தியங்கள் முன்னறிவிப்பை எப்படிப் படிக்கிறோம், படித்ததை எப்படி ஊருக்குச் சொல்கிறோம் என்பதைத்தான் விமர்சிக்க நினைக்கிறேன். 2024 ஃபெஞ்சல் புயலின்போது நான் பெரியப்பாவிடம் இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். இரண்டுமே அந்தந்த நேரத்துத் தகவலின்படி சரி. இரண்டுமே அவரைத் தவறாக வழிநடத்தின. சரியான தகவல் எப்படித் தவறான ஆலோசனையாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

21 செ.மீ. பாட்டில்

முதலில் என் மழைமானி. மொட்டை மாடியில் 11 செ.மீ. விட்டமுள்ள புனல், அதன்கீழ் 2 லிட்டர் பாட்டில். அவ்வளவுதான். புனல் வாயின் பரப்பு சுமார் 95 சதுர செ.மீ. ஆகவே பாட்டில் நிறைந்தால் 21 செ.மீ. மழை என்று கணக்கு. காலை 8.30 மணிக்கு அளந்து, கொட்டி, நோட்டில் எழுதுவேன். இந்திய வானிலை ஆய்வு மையமும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான மழையைத்தான் ஒரு நாள் மழையாக எடுத்துக்கொள்கிறது.

21 செ.மீ. போதும் என்று ஏன் நினைத்தேன்? புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்த மழையில் 2004 அக்டோபர் 31-இல் பதிவான 21 செ.மீ.தான் சாதனை என்று படித்திருந்தேன். அதைவிடப் பெரிய பாட்டில் எதற்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல். விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல். இருபது வருடச் சாதனை உடைந்தது என்றால் கொஞ்சம் தாண்டியது என்று அர்த்தமில்லை, இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. 46 செ.மீ. என்றால் ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் 18 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர்.

டிசம்பர் 1 காலை மாடி ஏறிப் பார்த்தால் என் பாட்டில் தளும்பி நிற்கிறது. எப்போது நிறைந்தது, எவ்வளவு வழிந்தது, தெரியாது. எத்தனையோ வருடமாகக் காத்திருந்த மழை வந்தது, என் நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே “21+” என்று இருக்கிறது.

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அதிகாரபூர்வமான மொழியிலும் இதே பாட்டில்தான் இருக்கிறது. 64.5 மி.மீ. முதல் 115.5 வரை ‘கனமழை’. 115.6 முதல் 204.4 வரை ‘மிக கனமழை’. அதற்கு மேலே எல்லாம் ‘அதி கனமழை’. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 50 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை. அன்று புதுச்சேரிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. அதி கனமழை வாய்ப்பும் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே முன்னறிவிப்பு பொய்க்கவில்லை. ஆனால் வீட்டுத் திண்ணை வரை வரும் தண்ணீருக்கும் வீட்டுக்குள் கட்டில் மட்டத்துக்கு வரும் தண்ணீருக்கும் ஒரே சொல் என்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன முடிவெடுப்பார்?

முதல் வாக்கியம்

இப்போது நான் சொன்ன முதல் வாக்கியத்துக்கு வருகிறேன்.

நவம்பர் 25 அன்று வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 26 அன்று ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 27 அன்று புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தது. புயலாக வலுப்பெறாமல் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கலாம் என்ற பேச்சு வந்தது. 29 காலை பெரியப்பா கேட்டார். நான் சொன்னேன்: “புயல் இல்லையாம் பெரியப்பா.”

அன்று பிற்பகலே அது புயலாகிப் பெயரும் பெற்றது. அந்த மாற்றத்தை வைத்து வானிலை மையத்தைக் கிண்டல் செய்தவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரி அருகே கரை கடக்கும் என்று சொன்னார்கள், புதுச்சேரி அருகேதான் கடந்தது. குழப்பம் வந்தது வேறொரு இடத்தில்.

‘ஆழ்ந்த தாழ்வு மண்டலம்’, ‘புயல்’ என்ற பெயர்கள் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துக் கொடுக்கப்படுபவை. மணிக்கு 51 முதல் 62 கி.மீ. வரை இருந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63-ஐத் தொட்டால் புயல். ஒரே ஒரு கி.மீ. வேகத்தில் பெயர் மாறுகிறது. மழை இந்தக் கணக்கிலேயே இல்லை. மழை எவ்வளவு என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது, எவ்வளவு நேரம் கொட்டுகிறது. மெதுவாக நகரும் ஒரு பலவீனமான சுழல், வேகமாகக் கடந்து போகும் பலமான புயலைவிட அதிக மழை தரலாம். ‘ஆமை வேகம்’ என்பதுதான் அந்த வாரத்தின் முக்கியமான செய்தி. நாங்கள் அதைச் சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தோம், “எப்பதான் வந்து தொலைக்கும்” என்று.

பெரியப்பாவின் நினைவில் புயல் என்றால் ‘தானே’. 2011 டிசம்பர் 30 விடியலில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே வந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த காற்று. அவருக்குப் ‘புயல் இல்லை’ என்றால் ‘ஆபத்து இல்லை’. நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுக்கொண்டார். அந்த வித்தியாசத்தை விளக்க எனக்கு இன்னும் ஒரு வாக்கியம் போதும்: “காத்து கம்மியா இருக்கலாம், ஆனா மழை விடாம பெய்யும்.” அந்த வாக்கியம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஏனென்றால் நானும் புயல் வராத ஏமாற்றத்தில் இருந்தேன். வெட்கம்தான், ஆனாலும் உண்மை அதுதான்.

செலியமேட்டுக்குன்னு தனியாச் சொல்ல முடியுமா?

“புதுச்சேரிக்குச் சொல்றான், கடலூருக்குச் சொல்றான், நம்ம ஊருக்கு என்னா?” என்பது பெரியப்பாவின் நிரந்தரக் குறை. நியாயமான குறைதான். ஆனால் ஏன் சொல்ல முடியவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

புதுச்சேரிப் பகுதியின் மொத்தப் பரப்பு 293 சதுர கி.மீ. அதுவும் ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு மண்ணுக்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. பாகூர்ப் பக்கம் ஒரு சைக்கிள் மிதியில் கடலூர் மாவட்டத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். எச்சரிக்கை மட்டும் நிர்வாக எல்லைப்படி வருகிறது. மேகத்துக்கு எந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆண்டான், எந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்டான் என்று தெரியாது.

அடுத்து மாடல்கள். ஐரோப்பிய மையத்தின் மாடல் உலகத்தைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு கட்டம் 81 சதுர கி.மீ. அப்படிப் பார்த்தால் மொத்தப் புதுச்சேரியும் நாலு கட்டத்துக்குள் அடங்கிவிடும். செலியமேடு, பாகூர், கரையாம்புத்தூர் எல்லாம் அதற்கு ஒரே புள்ளி மாதிரி. 2025 மே மாதம் இந்தியா 6 கி.மீ. கட்டங்கள் கொண்ட ‘பாரத்’ முன்னறிவிப்பு முறையைக் கொண்டுவந்தது. முன்னேற்றம்தான். ஆனால் ஒரு இடிமழை மேகம் சில கி.மீ. அகலம்தான் இருக்கும். வலையின் கண்ணைவிட மீன் சின்னது.

ரேடார்? தெற்கே காரைக்காலில் இருக்கிறது, வடக்கே சென்னையில் இருக்கிறது. இரண்டுமே எங்களுக்குத் தூரம்தான். ரேடார் கற்றை லேசாக மேல்நோக்கிப் போகும், பூமி கீழ்நோக்கி வளையும். அதனால் எங்கள் தலைக்கு வரும்போது கற்றை ஒன்றரை, இரண்டு கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே மேகத்தில் என்ன நடக்கிறது என்பது ஊகம்தான்.

கடைசியாக, எல்லோரும் சிரிக்கும் ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல். இது மழுப்பல் இல்லை, அளவைச் சொல். ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒருசில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘பல’ அல்லது ‘அநேக இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. அறிக்கை எழுதுபவருக்கு இது தெரியும். கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூறு பேருக்கு ஒருவராவது இருந்தால் ஆச்சரியம். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்றால் “எங்கியோ ரெண்டு எடத்துல பேயும், நமக்கில்ல” என்று பெரியப்பா எடுத்துக்கொள்கிறார். நாலில் ஒரு இடம் வரைக்கும் நனையலாம் என்று சொல்லியிருந்தால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.

லண்டன் பனியும் நம்ம மழையும்

இந்தத் தவிப்பு நமக்கு மட்டும் இல்லை. என் சித்தி மகன் லண்டனில் இருக்கிறான். டிசம்பர் வந்தால் அவனும் என்னைப் போலத்தான். நான் மழைக்கு, அவன் பனிக்கு. நம்ம மார்கழிப் பனி புல்நுனியில் நிற்கும், விடிந்தால் போய்விடும். அவன் சொல்வது வானத்திலிருந்து விழும் வெள்ளைப் பனி. அங்கே வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அதே மேகம் வெறும் மழையாகிவிடும். ஒரு டிகிரி குறைந்தால் தெரு வெள்ளையாகிவிடும். பத்து மி.மீ. மழைத் தண்ணீர் தோராயமாகப் பத்து செ.மீ. பனி. ஆகவே ஒரு டிகிரிப் பிழைக்கு விடுமுறையா இல்லையா என்ற அளவுக்கு வித்தியாசம். “நாளைக்குப் பனி”ன்னு நாலு நாளாகப் படம் அனுப்பிக்கொண்டே இருப்பான், ஐந்தாம் நாள் “வெறும் தூறல்டா” என்பான்.

ஆனால் அங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ‘வெள்ளைக் கிறிஸ்துமஸ்’ என்றால் என்ன என்பதற்குப் பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. டிசம்பர் 25-இன் 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு பனித்துளி விழுவதைப் பார்த்தால் போதும். தரை வெள்ளையாகி இருக்க வேண்டியதில்லை. பார்க்க வேடிக்கையான வரையறை. ஆனால் சொன்னது நடந்ததா இல்லையா என்று மறுநாள் சண்டை போட முடியாது. நம்ம ஆர்வலர்கள் “தரமான சம்பவம் இருக்கு” என்று சொல்கிறோம். எத்தனை செ.மீ. பெய்தால் அது ‘சம்பவம்’? எந்த ஊரில்? எந்த நேரத்துக்குள்? சொல்வதில்லை. சொல்லாததால் நாம் தோற்பதும் இல்லை.

நாம் எங்கே தவறுகிறோம்

ஆர்வலர்கள் செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். 2015 வெள்ளத்தின்போது எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் சொல்வதற்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. அவர் 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதே 2015-க்குப் பிறகுதான் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்களைச் சாதாரண ஜனங்கள் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். மேலடுக்குச் சுழற்சி, காற்றுக் குவிதல், ரேடார் படம் இதெல்லாம் டீக்கடைப் பேச்சாக மாறியதற்கு இப்படிப்பட்ட ஆர்வலர்கள்தான் காரணம். நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான்.

ஆனால் எங்கள் கூட்டத்துக்கு ஒரு நோய் உண்டு. எங்களுக்கு மழை வேண்டும். ஐந்து மாடல் இருந்தால் அதிகம் காட்டும் மாடலைத்தான் முதலில் காட்டுவோம். மற்ற நாலும் குறைவாகக் காட்டினால் ‘வெயிட் பண்ணுங்க, ட்விஸ்ட் இருக்கு’ என்போம். ஒரே மாடலை ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. ஐம்பதில் எத்தனை ஓட்டம் கனமழை காட்டுகிறது என்பதுதான் உண்மையான செய்தி. நாங்கள் அந்த ஐம்பதில் ரத்தச் சிவப்பாக இருக்கும் ஒரு படத்தை எடுத்துப் போடுவோம்.

இதன் விலை என்ன? 2016 டிசம்பரில் ‘நாடா’ என்று ஒரு புயல். ஊரே எதிர்பார்த்தது, வலுவிழந்து காரைக்கால் பக்கம் சத்தமில்லாமல் கடந்துபோனது. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிர்பார்த்த அளவு மழை 16-ஆம் தேதி பெய்யவில்லை, மண்டலம் சென்னைக்கு வடக்கே ஒதுங்கிக் கரை கடந்தது. கார் நிறுத்தியவர்களைக் கிண்டல் செய்தோம். அவர்கள் செய்தது சரி. 2015-ஐப் பார்த்தவர்கள் மேம்பாலக் கைப்பிடியோரம் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்துவது மலிவான காப்பீடு. ஆனால் ‘புலி வருது’ கதையாகிவிடும் என்ற பயமும் உண்மை. அடுத்த மாதமே ஃபெஞ்சல் வந்தபோது “அக்டோபர்ல சொன்ன மாதிரிதான?” என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள்.

இதற்கு மருந்து மதிப்பெண் போடுவது. அதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1884-இல் அமெரிக்காவில் ஃபின்லி என்ற அதிகாரி சுழற்காற்று வருமா வராதா என்று 2,803 முன்னறிவிப்புகள் செய்தார். 96.6 விழுக்காடு சரி என்று பெருமை. உடனே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: எல்லா நாளும் கண்ணை மூடிக்கொண்டு ‘வராது’ என்று சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும்! உண்மையில் வந்த சுழற்காற்று 51. அதில் அவர் பிடித்தது 28. வரும் என்று சொல்லி வராமல் போனது 72.

நானும் தினமும் “செலியமேட்டில் நாளைக்கு 20 செ.மீ. பெய்யாது” என்று சொன்னால் என் வாழ்நாள் மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஃபின்லியின் 72 பொய் எச்சரிக்கையைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் அந்த 28-ஐப் பார்க்க வேண்டும். பெரிய மழையைத் தவறவிடுவதும், வராத மழைக்குத் தயாராவதும் ஒரே எடையுள்ள தப்புகள் இல்லை. எது எவ்வளவு எடை என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நான் இல்லை, வயல் வைத்திருப்பவர்.

இரண்டாவது வாக்கியம்

டிசம்பர் 1 ராத்திரி எங்கள் ஊரில் மழை ஓய்ந்துவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர் இருந்தது, ஆனால் வடியத் தொடங்கியிருந்தது. பெரியப்பா வாசலில் நின்று கேட்டார். ரேடார் படத்தில் எங்கள் பக்கம் சுத்தம். நான் சொன்னேன்: “முடிஞ்சிடுச்சு பெரியப்பா.”

முடியவில்லை. ஃபெஞ்சலின் மிச்சம் மேற்கே நகர்ந்து போய் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் 2 காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்? தென்பெண்ணைக்கு. சாத்தனூர் அணைக்கு நீர்வரத்து ஏறிக்கொண்டே போய், 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் வழியாக வந்து ஆறு கரை மீறியது. பாகூர்ப் பகுதியின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது எங்கள் தலைக்கு மேலே மழை இல்லை.

பெரியப்பாவின் குத்தகை நிலம் ஆற்றோரம். மோட்டார் கொட்டகையில் இருந்தது. 29-ஆம் தேதி கழற்றி எடுத்து வந்திருக்கலாம், “புயல் இல்லையாம்”. 1-ஆம் தேதி ராத்திரி ஆள் அனுப்பியிருக்கலாம், “முடிஞ்சிடுச்சு”. மோட்டார் மூழ்கியது. வைக்கோல் போரின் பாதி சேறாகி, மாட்டுக்கு ஆகாமல் போனது. சம்பா பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஒனக்கு எப்பிடிடா தெரியும்” என்றார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என் குறை. இந்த மண்ணில் மழை என்பது எப்போதும் பாதிக் கதைதான். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்துதான் பாகூர் ஏரி நிறைகிறது. அந்த ஏரியை நம்பித்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயரே எங்கள் பக்கத்துக்கு. எங்கள் தாத்தாக்கள் மேற்கே மின்னுவதைப் பார்த்துவிட்டு ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று கணக்குப் போட்டவர்கள். கர்நாடகத்தில் பிறந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை எல்லாம் தாண்டி வரும் ஆறு எங்கள் தெற்கு எல்லை. கையில் உலகத்து மாடல் அத்தனையும் வைத்துக்கொண்டு நான் என் மாடிக்கு மேலே இருக்கும் வானத்தை மட்டும் பார்த்தேன். ஊத்தங்கரை மழை அன்று ராத்திரி எனக்கு ஒரு ‘சூப்பர் ரெக்கார்டு’. அது நாளைக்கு எங்கள் பக்கத்து வயலில் நிற்கும் தண்ணீர் என்று தோன்றவில்லை.

அரசு அமைப்பிலும் இதே பிரிவினை இருக்கிறது. மழையைச் சொல்வது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள வானிலை மையம். ஆற்று வெள்ளத்தைச் சொல்வது ஜல்சக்தி அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய நீர் ஆணையம். அணையைத் திறப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறை. நனைவது புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக் கிராமம். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகச் சொன்னாலும் நாலையும் ஒரே வாக்கியமாகக் கோத்துப் பெரியப்பாவிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆர்வலர்கள் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் அதுதான். எத்தனை செ.மீ. என்று வானிலை மையத்தோடு போட்டி போடுவதைவிட அது பெரிய வேலை.

இப்போது எப்படிச் சொல்கிறேன்

ஆலன் மர்ஃபி என்ற வானிலை அறிஞர் 1993-இல் ‘நல்ல முன்னறிவிப்பு என்றால் என்ன?’ என்று ஒரு கட்டுரை எழுதினார். மூன்று வகை நன்மையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, கணிப்பவர் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறாரா. இரண்டு, சொன்னது நடந்ததோடு ஒத்துப்போகிறதா. மூன்று, கேட்டவருக்கு அதனால் பயன் இருந்ததா. நாம் எல்லோரும் இரண்டாவதை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறோம். ஃபெஞ்சலில் நான் தோற்றது ஒன்றிலும் மூன்றிலும். என் மனதில் சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை. சொன்னதும் உதவவில்லை.

சந்தேகத்தைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று ஒரு பயம் நமக்கு. கிராமத்து ஆளுக்கு விழுக்காடு புரியாது என்றும் ஒரு சாக்கு. இரண்டுமே தப்பு. நிச்சயமின்மையோடு வாழ்வதில் விவசாயியைவிடக் கைதேர்ந்தவர் யார்? நாற்று விடும் நாளே ஒரு சூதாட்டம். ‘பத்தில் மூணு’ என்றால் அவருக்கு நன்றாகப் புரியும். புரியாதது ‘ஓரிரு இடங்களில்’தான்.

அதனால் இப்போது பெரியப்பா கேட்டால் மூன்று விஷயம் சொல்லப் பழகியிருக்கிறேன். எது வரும் வாய்ப்பு, பத்துக்கு எத்தனை. வந்தால் மோசமாக எவ்வளவு போகலாம். மேற்கே என்ன நிலவரம், சாத்தனூரில் எவ்வளவு. உதாரணத்துக்கு: “நாளைக்கு வயலில் தண்ணி நிக்கிற அளவு மழைக்குப் பத்துல நாலு வாய்ப்பு. வந்தா ரொம்பப் பெருசா வரலாம். ஆத்துல இப்பத்திக்கி ஒண்ணுமில்ல, நாளான்னிக்கு மறுபடி பாத்துச் சொல்றேன்.” இதைச் சொல்ல அரை நிமிஷம்தான் ஆகிறது. சொன்னதை நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிறேன். மறுநாள் மதிப்பெண் போடுகிறேன். தப்பானால் அடிப்பதில்லை, அழிப்பதும் இல்லை.

முதல் தடவை இப்படிச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், “அப்ப ஒனக்கும் தெரியாது?”

“முழுசாத் தெரியாது பெரியப்பா.”

“இத அப்பவே சொல்லியிருந்தா மோட்டார அவுத்திருப்பன்டா.”

மாடியில் இப்போது இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். முதலாவது நிறைந்தால் ஒரு குழாய் வழியாக இரண்டாவதுக்குப் போகும். 42 செ.மீ. வரை தாங்கும். ஃபெஞ்சலுக்கு அதுவும் போதாது. மூன்றாவதுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.